முதலில் குண்டு, பிறகுதான் தோட்டா
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஆயிரம் கெஜ இலக்குச் சுடுதலைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு வடிவில் கேட்டிருந்தன: ஆயிரம் கெஜத்துக்கும் அப்பால் சுட எந்தத் தோட்டா நல்லது? பதிலுக்குள் நுழையும் முன் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தப் பக்கத்தில் தோட்டா என்பது பித்தளைக் கூடு, பிரைமர் (அடிபட்டதும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருள். குண்டு என்பது குழலைவிட்டு வெளியேறிப் பறப்பது மட்டும். .308, .338 போன்ற எண்கள் கலிபரை, அதாவது குழலின் குறுக்களவை, ஏறத்தாழ அங்குலத்தில் சொல்பவை; 6.5 என்பது மில்லிமீட்டரில். பேச்சில் இரண்டையுமே ‘புல்லட்’ என்று சொல்லிவிடுகிறோம். இந்த விளையாட்டில் பலருடைய வீண்செலவு அந்தக் குழப்பத்தில்தான் தொடங்குகிறது.

கேள்வி: என்னிடம் .308 வின்செஸ்டர் துப்பாக்கி இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக 600 கெஜம் வரை சுட்டு வருகிறேன். ஒரு மைலை எட்ட வேண்டும் என்பது ஆசை. நேராக .338 லபுவா மேக்னத்துக்குப் போய்விடலாமா?
– வாசகர், பிரிஸ்பேன்

பதில்: போகலாம். ஆனால் பணத்தை எடுக்கும் முன் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தோட்டா என்பதை விட்டுவிட்டு, எந்தக் குண்டு, எந்த வேகத்தில் கிளம்பி, எத்தனை தொலைவு வரை ஒலியை விட வேகமாகப் பறக்கும் என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைத்துவிட்டால், அந்தக் குண்டை அந்த வேகத்தில் அனுப்பக்கூடிய கூடு எது, அதைச் சுழற்றக்கூடிய குழல் எது என்பவை ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே வந்துவிடும்.

குண்டு காற்றைக் கிழித்துச் செல்லும் திறனை பாலிஸ்டிக் குணகம் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். குறுக்கு வெட்டுப் பரப்போடு ஒப்பிடும்போது குண்டு எவ்வளவு கனமானது, அதன் வடிவம் எவ்வளவு வழவழப்பாகக் காற்றில் நுழைகிறது என்ற இரண்டும் அந்த எண்ணில் அடங்கும். ஜி1, ஜி7 என்று இரண்டு அளவுகோல்கள் புழக்கத்தில் உள்ளன. ஜி1 என்பது தட்டையான அடியும் குட்டையான முனையும் கொண்ட பழைய பாணிக் குண்டை மாதிரியாகக் கொண்டது. ஜி7 என்பது நீண்ட முனையும் படகின் பின்புறம்போல் குறுகும் அடியும் கொண்ட இன்றைய குண்டை மாதிரியாகக் கொண்டது. பெட்டிகளின் மேல் பெரும்பாலும் ஜி1 எண்தான் அச்சாகிறது, ஏனென்றால் அதுவே பெரிய எண்ணாகத் தோன்றும். தொலைதூரத்துக்கு ஜி7 எண்ணைத் தேடிப் பாருங்கள். எப்படியானாலும் ஒன்றின் ஜி1 எண்ணை இன்னொன்றின் ஜி7 எண்ணோடு ஒப்பிட்டுவிடாதீர்கள்.

இப்போது மூன்று குண்டுகளை எடுத்துக்கொள்வோம் (கிரெயின் என்பது குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறு எடையலகு). .308க்கான 175 கிரெயின் போட்டிக் குண்டின் எடை 11.3 கிராம், அதன் ஜி7 குணகம் ஏறத்தாழ 0.24. 6.5 கிரீட்மோருக்கான 140 கிரெயின் குண்டின் எடை 9 கிராம்தான். அதன் குணகமோ ஏறத்தாழ 0.33. .338க்கான 300 கிரெயின் குண்டுக்கு 19.4 கிராம் எடை, ஏறத்தாழ 0.38 குணகம். நடுவில் உள்ளதைக் கவனியுங்கள்: எடையில் உங்கள் .308ஐ விடக் குறைந்த ஒரு குண்டு, காற்றில் அதை வெகுவாக வென்றுவிடுகிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, ஆயிரம் கெஜத்தில் .308 குண்டைச் சுமார் இரண்டேகால் மீட்டர் தள்ளும், 6.5 குண்டை ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல்தான் தள்ளும். காற்றைக் கணிப்பதில் இருவரும் ஒரே தவறைச் செய்தாலும், தண்டனை ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு. உதை குறைவு, மருந்து குறைவு, தோள்வலியும் குறைவு.

இந்த 6.5 கிரீட்மோரே ‘முதலில் குண்டு’ என்ற சிந்தனையில் பிறந்தது. 2007இல் ஹார்னடி நிறுவனம் அதை வெளிக்கொணர்ந்தபோது, கூட்டை வேண்டுமென்றே குட்டையாக வைத்தது. நீண்ட குண்டைச் செருகிய பிறகும் முழுத் தோட்டா .308இன் மேகசினுக்குள் அடங்க வேண்டும், குண்டின் அடி மருந்து இருக்கும் இடத்துக்குள் அமிழ்ந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்தை எடுத்துப் பாருங்கள். கழுத்து குட்டை, அதனால் இன்றைய நீளக் குண்டுகளைச் செருகினால் அடிப்பகுதி மருந்துக்குள் இறங்கிவிடும். 2018இல் வந்த .300 பிஆர்சி அந்தக் குறையைச் சரிசெய்து, நீளக் குண்டுக்கென்றே, குழலில் தோட்டா அமரும் அறையை வடிவமைத்தது. கலிபர் ஒன்றுதான், கூட்டின் வடிவம் யாருக்காக வரையப்பட்டது என்பதில்தான் வேறுபாடு.

குண்டைச் சுழற்ற குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களின் முறுக்கையும் குண்டோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். 1:10 என்றால் பத்து அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. குண்டு நீள நீள, அதை நிலையாக வைத்திருக்க வேகமான சுழற்சி தேவைப்படுகிறது. வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் 1:8 குழலிலிருந்து வெளியேறும் குண்டு நிமிடத்துக்கு 2,43,000 முறை சுழல்கிறது. உங்கள் .308இன் குழல் 1:12 முறுக்குள்ளதாக இருந்தால், 200 கிரெயினுக்கு மேற்பட்ட நீளமான குண்டுகளை வாங்கி வைத்து ஏமாறாதீர்கள். அவற்றுக்கு 1:10 அல்லது அதைவிட வேகமான முறுக்கு வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. அடுத்த இரண்டு ஆண்டுகளை 6.5 கிரீட்மோரோடு கழியுங்கள். நல்ல 140 கிரெயின் குண்டு கடல்மட்டக் காற்றிலேயே சுமார் 1,300 கெஜம் வரை ஒலிவேகத்துக்கு மேல் பறக்கும். .338 லபுவா 1,500 மீட்டரையும் தாண்டி அப்படிப் பறக்கும் என்பது உண்மை, ஒரு மைலுக்கு அது பொருத்தமானது என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் .308ஐப்போல் இருமடங்கு மருந்தை எரிக்கும் ஒரு துப்பாக்கியில், காற்றைப் படிக்கப் பழகுவதற்குத் தேவையான ஆயிரக்கணக்கான முறை சுடப் பெரும்பாலானவர்களுக்கு வசதி இருப்பதில்லை. குழலும் அத்தனை முறைக்குத் தாங்காது. காற்றைக் கற்ற பிறகு .338 வாங்குங்கள், அப்போது அது தன் விலைக்கு உழைக்கும்.

கேள்வி: 168 கிரெயின் போட்டிக் குண்டு 300 மீட்டரில் எனக்கு ஒரே துளையில் விழுகிறது. ஆயிரம் கெஜத்தில் மட்டும் இலக்குப் பலகையையே சில சமயம் தொடுவதில்லை. துப்பாக்கியில் கோளாறா?
– வாசகர், டொராண்டோ

பதில்: துப்பாக்கியைக் கழற்றாதீர்கள். அதில் கோளாறு இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆயிரம் கெஜப் போட்டியில், இலக்குப் பலகையை ஏற்றி இறக்கும் குழியில் என் முறைக்கு நின்றிருந்தேன். தலைக்கு மேல் செல்லும் குண்டுகள் ஒவ்வொன்றும் சாட்டையைச் சொடுக்கியதுபோல் ‘படீர்’ என்றன. எங்கள் பலகைக்கு வந்தவற்றில் மட்டும் சில அந்தச் சொடுக்கு இல்லாமல், காகிதத்தில் ஒரு மெல்லிய ‘தப்’ ஓசையோடு நுழைந்தன. பலகையை இறக்கிப் பார்த்தால், வட்டமாக இருக்க வேண்டிய துளைகளில் இரண்டு நீள்வட்டமாகக் கிழிந்து, ஓரத்தில் குண்டின் பக்கவாட்டு உரசலில் பட்ட சாம்பல்நிறக் கோட்டோடு இருந்தன. குண்டு மூக்கை முன்னால் வைத்து வரவில்லை. சாய்ந்து, ஏறத்தாழப் படுத்துக்கொண்டு வந்திருக்கிறது. சுட்டவர் நல்ல கைத்திறன் உள்ளவர். அவர் பயன்படுத்தியதும் உங்களுடைய அதே 168 கிரெயின் குண்டுதான்.

ஒலியின் வேகம் சாதாரண வெப்பநிலையில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். குண்டு அந்த வேகத்தை நெருங்கி இறங்கும்போது, அதைச் சுற்றியுள்ள அதிர்வலைகள் இடம்மாறுகின்றன. காற்று குண்டை அழுத்தும் புள்ளியும் நகர்கிறது. அந்தக் கட்டத்தைக் குண்டு அமைதியாகக் கடக்குமா, தள்ளாடுமா என்பதை அதன் பின்புறக் கோணம் பெருமளவு தீர்மானிக்கிறது. சியரா நிறுவனத்தின் 168 கிரெயின் குண்டு 300 மீட்டர் சர்வதேசப் போட்டிக்காக வடிவமைக்கப்பட்டது. அதன் பின்புறம் 13 பாகைக் கோணத்தில் குறுகுகிறது. 300 மீட்டரில் அதற்கு நிகர் அரிது. ஆயிரம் கெஜத்தை நெருங்கும்போது அது ஒலிவேகத்துக்கு இறங்கிவிடும், அந்தச் செங்குத்தான பின்புறம் அங்கே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 175 கிரெயின் குண்டின் பின்புறம் 9 பாகைதான். ஆயிரம் கெஜத்தில் அதுவும் ஒலிவேகத்துக்குச் சற்றே மேலேதான் இருக்கும். ஆனாலும் தள்ளாடாமல் வந்து சேரும். ஏழு கிரெயின் என்பது அரை கிராமுக்கும் குறைவு. அந்த எடைக் கூடுதலை விட, அந்த நான்கு பாகைக் குறைவுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

இன்னொன்று. உங்கள் மன்றத்தில் ஒலியைக் கொண்டு துளையைக் கணக்கிடும் மின்னணு இலக்குகள் இருந்தால், ஒலிவேகத்துக்குக் கீழே போய்விட்ட குண்டை அவற்றில் பல பதிவே செய்யாது. அதிர்வலை இல்லையென்றால் மைக்குக்குக் கேட்க எதுவும் இல்லை. குண்டு நடுவிலேயே பட்டிருந்தாலும் திரையில் ஒன்றும் வராது. பலகையையே தொடுவதில்லை என்று நீங்கள் எழுதியதில் ஒருசில இப்படிப்பட்டவையாகவும் இருக்கலாம்.

கேள்வி: பழைய ராணுவக் கூடுகள் மலிவாகக் கிடைத்தன. அடியில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன. மீண்டும் நிரப்பலாமா?
– வாசகர், ஆஸ்லோ

பதில்: அவை பெர்டன் வகைக் கூடுகள். ஒரே துளை நடுவில் இருப்பது பாக்ஸர் வகை. அமெரிக்கரான ஹைரம் பெர்டன் உருவாக்கியது ஐரோப்பாவில் பரவியது. ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்ஸர் உருவாக்கியது அமெரிக்காவில் நிலைத்தது. பழைய பிரைமரை ஊசியால் நேராகத் தள்ளி வெளியேற்ற பாக்ஸர் வகையில்தான் முடியும். உங்களுடையதில் ஊசியை நுழைத்தால் ஊசிதான் உடையும். தொலைதூரச் சுடுதலுக்கு அவை வேண்டாம். பழைய இரும்புக்கடைப் பித்தளை விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நானே தோட்டா நிரப்பத் தொடங்கியிருக்கிறேன், உரிய அனுமதியோடு. மருந்தை நூறில் ஒரு கிரெயின் வரை நிறுக்கும் தராசு வாங்க வேண்டும் என்கிறார்கள். எதில் கவனம் வைப்பது, எதை விட்டுவிடுவது?
– வாசகர், ஆக்லாந்து

பதில்: முதலில் ஒரு எல்லையைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்ற அளவை நான் இந்தப் பக்கத்தில் எழுதுவதில்லை, கடிதத்திலும் சொல்வதில்லை. குண்டையும் மருந்தையும் தயாரித்தவர்கள் வெளியிடும் கையேடு இருக்கிறது. அதில் உள்ள குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். நண்பர் சொன்னார் என்பதற்காக யாருடைய அளவையும் உங்கள் துப்பாக்கிக்குக் கொண்டுவராதீர்கள். அறையும் குழலும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒன்றில் பாதுகாப்பான அழுத்தம் இன்னொன்றில் ஆபத்தாகும்.

நீங்கள் துரத்த வேண்டியது வேகத்தின் சீர்மையை. ஆயிரம் கெஜத்தில் வினாடிக்குப் பத்தடி வேக வேறுபாடு, .308 குண்டை ஏழெட்டுச் சென்டிமீட்டர் மேலோ கீழோ நகர்த்தும். அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. இரண்டு மைலில் .375 வகைக் குண்டுக்கு அதே பத்தடி வேறுபாடு முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை ஆகிவிடும். இலக்கின் உயரமே அவ்வளவுதான் இருக்கும். ஆகவே தொலைவு கூடக் கூட, சராசரி வேகத்தைக் கூட்டுவதை விட, ஒவ்வொரு தோட்டாவும் அதே வேகத்தில் கிளம்புவதுதான் மதிப்பெண் தரும். வேகமானியை வாங்காமல் தராசை வாங்குவது, வெப்பமானி இல்லாமல் மருந்து கொடுப்பதைப்போல.

சீர்மை எங்கிருந்து வருகிறது? என் அனுபவத்தில் முதலிடம் கூட்டுக்கு, குறிப்பாக அதன் கழுத்துக்கு. ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அச்சில் வைத்து அதைச் சுருக்குகிறோம். கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் அது விறைத்துப்போவதைப் போல, பித்தளையும் விறைத்துப்போகிறது. விறைத்த கழுத்து ஒரு குண்டை இறுக்கமாகவும் இன்னொன்றைத் தளர்வாகவும் பிடிக்கும். அதனால்தான் கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கி மிருதுவாக்குகிறார்கள். நல்ல நிறுவனத்தின் புதுக் கூட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: கழுத்திலிருந்து தோளுக்குக் கீழே வரை நீலமும் ஊதாவும் கலந்த ஒரு மங்கல் வளையம் தெரியும். பார்ப்பவர்கள் அதைக் கறை என்று நினைத்துத் தேய்க்கிறார்கள். அது சூடேற்றிய அடையாளம். வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்பதற்கான கையொப்பம். அடிப்பகுதிக்கு மட்டும் அந்தச் சூடு போகவே கூடாது. அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடம் மிருதுவாகிவிட்டால் கூடு கிழியும்.

இரண்டாவது, மருந்து வெப்பத்துக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பது. குளிர்கால காலையில் ஒரு வேகமும் கோடை மதியத்தில் வேறொரு வேகமும் தரும் மருந்தை வைத்துக்கொண்டு எந்தத் தொலைவுக்கு எவ்வளவு உயர்த்திக் குறிவைப்பது என்று அட்டவணை போட முடியாது. வெப்பத்தால் அதிகம் மாறாத மருந்துகள் இன்று கிடைக்கின்றன. ஹாட்ஜ்டன் நிறுவனம் எக்ஸ்ட்ரீம் என்ற பெயரில் விற்பவை உங்கள் பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவில் தயாரானவை. ஆனால் எந்த மருந்தானாலும், பத்து முறை சுட்டுச் சூடேறிய அறைக்குள் தோட்டாவைச் செருகிவிட்டுக் காற்று அடங்கட்டும் என்று இரண்டு நிமிடம் காத்திருந்தால், உள்ளே மருந்து வெந்துகொண்டிருக்கும். அடுத்த குண்டு மேலே போகும். காற்றுக்குக் காத்திருங்கள், தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு.

மூன்றாவது பிரைமர். லபுவா நிறுவனம் .308க்குச் சிறிய அளவு பிரைமர் பொருந்தும் பால்மா கூடுகளைத் தயாரிக்கிறது. சுடர் சிறியதாகவும் சீராகவும் இருப்பதால் வேக வேறுபாடு குறைகிறது என்பதே அதன் பயன். கடுங்குளிரில் சிறிய சுடரால் மருந்து தயங்கிப் பற்றும் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

தராசைப் பொறுத்தவரை, பத்தில் ஒரு கிரெயினுக்கு நம்பகமாக நிறுத்தால் ஆயிரம் கெஜம் வரை போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த குண்டுகளை மொத்தமாக வாங்குங்கள். வாங்கியவற்றை எடைபோட்டு உட்கார்ந்திருக்காமல், அடியிலிருந்து முனையின் வளைவு குழலைத் தொடும் இடம் வரையிலான நீளத்தை அளந்து பிரியுங்கள். முனையின் நுனி வரை அளப்பது வீண். நுனி பெட்டிக்குப் பெட்டி ஒழுங்கற்றே இருக்கும்.

கேள்வி: இரண்டு மைல் போட்டியைப் பற்றிப் படித்தேன். அங்கே எந்தத் தோட்டாக்கள் செல்லுபடியாகின்றன? .50 பிஎம்ஜிதானே அரசன்?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராட்டன் என்ற ஊரருகே விட்டிங்டன் மையத்தில் நடக்கும் ‘கிங் ஆஃப் 2 மைல்ஸ்’ போட்டியாக இருக்கும். இரண்டு மைல் என்பது 3,520 கெஜம், அதாவது 3,219 மீட்டர். .50 பிஎம்ஜி அங்கே அரசனாக இல்லை, காரணம் மறுபடியும் குண்டுதான். முதல் உலகப்போரின் இறுதியில் ஜான் பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைத்தது அந்தத் தோட்டா. அதற்கான 750 கிரெயின் போட்டிக் குண்டின் ஜி1 குணகம் ஒன்றைத் தாண்டும், எண்ணளவில் பெருமைதான். ஆனால் 48.6 கிராம் எடையைத் தள்ளுவதால் கிளம்பும் வேகம் குறைவு, உதை மிகுதி. அந்த உதையில், தன் குண்டு எங்கே விழுந்து புழுதி கிளப்பியது என்பதைச் சுடுபவரால் பார்க்க முடிவதில்லை.

.375, .416 கலிபர்கள் இங்கே முன்னுக்கு வந்தன. .375 ஷைடாக், அதன் அண்ணனான .408 ஷைடாக் இரண்டும் .505 கிப்ஸ் என்ற பழைய வேட்டைத் தோட்டாவின் கூட்டிலிருந்து பிறந்தவை; .416 பாரெட் 2005இல் .50 பிஎம்ஜி கூட்டைக் குட்டையாக்கிக் கழுத்தைச் சுருக்கிப் பிறந்தது. இவற்றில் பெரும்பாலும் பயன்படுவது ஈயமும் உறையும் கொண்ட குண்டு அல்ல. செம்பு அல்லது பித்தளைத் தண்டை லேத்தில் கடைந்து எடுத்த ஒரே உலோகக் குண்டு. கடைசல் என்பதால் ஒவ்வொன்றும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருக்கும். முனையை விரும்பிய அளவு நீட்டலாம். செம்பு ஈயத்தை விட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடைக்குக் குண்டு இன்னும் நீளும், நீண்டால் வேகமான முறுக்கு வேண்டும். கடைசல் குண்டுக்காக .375 குழல்களை 1:8, 1:7 என்று வெட்டுவது இதனால்தான். குண்டை மாற்றியவர்கள் குழலை மாற்றாமல் தோற்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் ஒன்றரைக் குழலின் விலையைக் குண்டுகளிலேயே செலவழித்திருந்தார்.

இந்தத் தொலைவில் குண்டு ஆறு வினாடி அளவுக்குக் காற்றில் இருக்கிறது. பூமியின் சுழற்சி ஒன்றே, ராட்டனின் அட்சரேகையில், அதை எண்பது சென்டிமீட்டர் அளவுக்கு வலப்பக்கம் விலக்கும். குண்டு தன் சுழற்சியால் வலப்பக்கம் நகர்வது தனி. இறக்கம் நூறு மீட்டருக்கு மேல். குறிபார்க்கும் சாதாரணத் தொலைநோக்கியில் அந்த இறக்கத்துக்கு ஈடுகட்டும் அளவு திருப்ப இடமே இருக்காது என்பதால், முன்பக்கம் தாழ்ந்த சாய்வுத் தளத்தில் அதைப் பொருத்த வேண்டும். அதுவும் போதாமல், முன்னால் பட்டகம் வைத்துப் பார்வைக் கோட்டை வளைப்பவர்களும் உண்டு.

இடத்தையும் கணக்கில் சேருங்கள். ராட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஹூஸ்டனில் நீங்கள் பழகிய அட்டவணையை அங்கே கொண்டுபோனால் எல்லாக் குண்டும் இலக்குக்கு மேலே போகும். பிறகு, குண்டு விழக்கூடிய இடம் முழுவதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்; .50 குண்டு ஆறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கவல்லது. பின்னால் மலைச்சரிவு இல்லாத நிலத்தில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: 2022இல் வயோமிங்கில் 4.4 மைல் தொலைவில் இலக்கை அடித்தார்களாமே. இரண்டு மைலெல்லாம் இனிச் சாதாரணமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: அடித்தார்கள். .416 பாரெட் அடிப்படையிலான துப்பாக்கி; ஏழு கிலோமீட்டருக்கு மேல்; குண்டு போய்ச் சேர இருபத்து நான்கு வினாடிக்கு மேல் ஆயிற்று. பட்டது 69ஆவது குண்டு. அந்தக் குழுவின் உழைப்பையும் கணக்கையும் நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டு மைல் போட்டியில் அறுபத்தெட்டு முறை தவறவிட யாருக்கும் இடமில்லை. கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் வாய்ப்பு, காற்று மாறியபடியே இருக்கும், நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் வேறு வேறு திறமைகள். தோட்டா வாங்கும்போது, எவ்வளவு தொலைவு போனது என்ற செய்தியை விட, முதல் குண்டு எத்தனை முறை பட்டது என்ற குறிப்பைத் தேடுங்கள்.

கேள்வி: கிரீட்மோர் என்ற பெயர் யாருடையது?
– வாசகர், லண்டன்

பதில்: ஆளின் பெயர் அல்ல, இடத்தின் பெயர். நியூயார்க்கின் லாங் ஐலண்டில், கிரீட் குடும்பத்தின் நிலத்தில் 1873இல் திறக்கப்பட்ட சுடுகளம் அது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அயர்லாந்து அணி அங்கே வந்தது. ஓர் அணிக்கு ஆறு பேர்; 800, 900, 1000 கெஜங்களில் ஆளுக்குப் பதினைந்து குண்டுகள். அயர்லாந்துக்காரர்கள் குழலின் முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் இடும் ரிக்பி துப்பாக்கிகளோடும், அமெரிக்கர்கள் பின்புறம் தோட்டா செருகும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் துப்பாக்கிகளோடும் நின்றார்கள். 934க்கு 931 என்று அமெரிக்கா வென்றது. அயர்லாந்து வீரர் ஒருவர் அடித்த நடுப்புள்ளி அடுத்தவர் பலகையில் விழுந்ததால் கணக்கில் சேரவில்லை. அதன் மதிப்பு நான்கு புள்ளி. தோற்றது மூன்று புள்ளியில்.

உங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை இன்னும் பழையது. 1860இல் விம்பிள்டனில் நடந்த முதல் கூட்டத்தில், தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியால் 400 கெஜத்தில் விக்டோரியா அரசி முதல் குண்டைச் சுட்டு நடுப்பகுதியில் அடித்தார். அந்தக் கூட்டம் 1890இல் பிஸ்லிக்கு இடம்மாறியது. அங்குள்ள ஸ்டிக்கிள்டவுன் களத்தில் இன்றும் 1,200 கெஜம் வரை சுடலாம். ஜோசப் விட்வொர்த் செய்தது என்ன தெரியுமா? அன்றைய என்ஃபீல்டு துப்பாக்கியின் .577 குழலை விட்டு .451க்கு இறங்கினார், குண்டை ஒல்லியாக்கி நீட்டினார், அதைத் தாங்க, 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருந்த முறுக்கை 20 அங்குலத்துக்கு ஒன்றாக்கினார். பிரிஸ்பேன் வாசகருக்கு மேலே நான் எழுதிய அதே கணக்கு. கரிமருந்துக் காலத்திலேயே போட்டுவிட்டார்.

கேள்வி: இந்தியாவில் இதெல்லாம் நமக்கு எட்டாது. 50 மீட்டர் .22 ரைஃபிள் பழகுகிறேன். தோட்டாத் தேர்வைப் பற்றி எங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?
– வாசகர், மதுரை

பதில்: நிறைய இருக்கிறது. தோட்டா நிரப்புவதை மட்டும் முயற்சி செய்யாதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். .22 தோட்டாவை எப்படியும் வீட்டில் நிரப்புவதில்லை. அதனால் உங்கள் கையில் இருப்பது தேர்வு ஒன்றுதான். அதனாலேயே அது முக்கியமாகிறது. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற மூன்று நிலை ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டமே 5.6 மில்லிமீட்டர் என்னும்போது, தோட்டா செய்யும் பிழைக்கு அங்கே இடமில்லை.

போட்டிக்கான .22 தோட்டாவின் வேகத்தை ஒலிவேகத்துக்குக் கீழேயே வைத்திருக்கிறார்கள். டொராண்டோ வாசகரின் குண்டு ஆயிரம் கெஜத்தில் மாட்டிக்கொண்ட அந்தத் தள்ளாட்டக் கட்டத்துக்குள் உங்கள் குண்டு நுழையவே கூடாது என்பதற்காகத்தான். வேகமான ரகம் கடையில் இருந்தாலும் அதை வேட்டைக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

ஒரே பெயர், ஒரே விலை, ஒரே பெட்டி என்றாலும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு உண்டு. ஒவ்வொரு குழலும் தனக்குப் பிடித்த தொகுதியைத் தானே தேர்ந்தெடுக்கும். இங்கிலாந்தின் ஈலி நிறுவனமும் லபுவாவும் இதற்கென்றே சோதனைக் கூடங்கள் வைத்திருக்கின்றன; துப்பாக்கியைக் கவ்வியில் பூட்டி, பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, பொருந்தியதை மட்டும் வாங்கிச் செல்லலாம். அங்கே போக முடியாவிட்டால் இங்கேயே செய்யுங்கள். மூன்று நான்கு தொகுதிகளில் இரண்டிரண்டு பெட்டி வாங்கி, காற்றில்லாத காலைப்பொழுதில், மணல்மூட்டையில் துப்பாக்கியை அமர்த்தி, பத்துப் பத்தாகச் சுட்டு, துளைகள் மிக நெருக்கமாக விழும் தொகுதியைக் கண்டுபிடியுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணை இலக்குத் தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதிவைத்துவிட்டு, கடையில் அதே எண்ணில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்கே கேளுங்கள்.